சாரத்தில் சொல்லாத சொல்

கோம்பை ரோட்டில் சுயம்புலிங்கம் கட்டிக்கொண்டிருந்த கல்யாண மண்டபத்தில், ஹெல்மெட்டும் இடுப்பு பெல்ட்டும் போட்டுக்கொண்டு முறைப்படி நின்றவர் ஒருவர்தான். அவர் உடம்பு முழுக்க வைக்கோல்.

திருஷ்டிக்குக் கட்டிய பொம்மை அது. முன்பக்கச் சாரத்தின் மூன்றாவது தட்டில், சுவரை ஒட்டி, ஒரு கம்பில் கட்டியிருந்தார்கள். கட்டடம் என்றால் பொம்மை தொங்குவது வழக்கம்தான். ஆனால் இது போட்டிருந்த கட்டம் போட்ட சட்டை மொக்கைச்சாமியுடையது. மொக்கைச்சாமி பூச்சுக் கொத்தனார். வடுகபட்டியிலிருந்து பஸ் ஏறி வருவார். வந்ததும் நல்ல சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கலவை அப்பிய பழைய சட்டையோடு மேலே ஏறுவார். சித்திரையில் ஒரு மத்தியானம் ஏணியில் கால் வைக்காமலே கீழே வந்து சேர்ந்தார். நல்ல சட்டை ஆணியிலேயே இருந்தது. கேட்டு யாரும் வரவில்லை, எடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கவும் யாருக்கும் கை எழவில்லை. பொம்மைக்கு உடுப்புத் தேடிய வாட்ச்மேன் ஒருநாள் அதைக் கவனித்தார். துணியை வீணாக்கும் ஆள் இல்லை அவர்.

வாட்ச்மேனுக்குக் கொஞ்சம் கலை ஆர்வமும் உண்டு. பொம்மையின் வலது கையில் ஓர் உடைந்த பூச்சுக் கரண்டியைச் செருகி, அது சுவரைத் தொடும்படி கட்டிவிட்டார். காற்று அடிக்கும்போதெல்லாம் கரண்டி சுவரில் தேய்ந்தது. சர்... சர்... என்று பூச்சு வேலை நடக்கிற சத்தம். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கீழே உட்கார்ந்திருக்க, மேலே ஒருத்தர் மட்டும் வேலை பார்த்துக்கொண்டே இருந்தார்.

சுயம்புலிங்கத்துக்குப் போடி பஜாரில் ஏலக்காய்க் கடை. மொக்கைச்சாமி விஷயம் பேசி முடிக்கப்பட்ட பிறகு இன்ஜினியர் கார்த்திக்ராஜ் அவரிடம், "இந்த சைட்டுக்கு ஒரு சேஃப்டி கல்ச்சர் வேணும் சார்" என்றான். கல்ச்சர் என்றால் குத்துவிளக்கு, சந்தனம், மாலை என்று சுயம்புலிங்கம் புரிந்துகொண்டார். உடனே பாதுகாப்பு விழாவுக்கு நாள் குறிக்கச் சொன்னார். ஆடி மாதம் மண்டபம் திறக்க முடியாது. பாதுகாப்புக்கு மாதத் தடை எதுவும் பஞ்சாங்கத்தில் இல்லை.

மஞ்சள் ஹெல்மெட்டுகள் வந்து இறங்கி, சிமெண்டு ரூமில் பிளாஸ்டிக் கவரோடு அடுக்கப்பட்டன. விழா அன்றுதான் தொட வேண்டும் என்பது உத்தரவு. பெல்ட் ஒன்றே ஒன்று வந்தது, அதுவும் கடைக்காரர் மாதிரிக்குக் கொடுத்தது. அதை எப்படிப் போடுவது என்று ஆட்கள் பார்த்துப் படிக்கட்டும் என்று கார்த்திக்ராஜ் பொம்மைக்கு மாட்டச் சொன்னான். கொக்கியைச் சாரத்தில் மாட்டக்கூடாது, சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பியில்தான் மாட்ட வேண்டும் என்று தரையில் நின்றுகொண்டு தெளிவாக விளக்கினான். மேலே ஏறி அதைச் செய்தது கருத்தக்கண்ணன் கொத்தனார். அவன் இடுப்பில் ஒரு துண்டு மட்டும் இருந்தது.

மேஸ்திரி ஈஸ்வரபாண்டியின் கோஷ்டியில் அதற்கு முன்பே ஒரு பாதுகாப்பு விதி இருந்தது. சாரத்தில் ஆள் நிற்கும்போது 'விழு' என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக்கூடாது. கரண்டி கை நழுவினால் "கரண்டி இறங்குது" என்று கத்த வேண்டும். செங்கல்லும் இறங்கும், மழையும் இறங்கும். மொக்கைச்சாமியும் இறங்கினவர்தான். தப்பித்தவறி யாராவது மேலே நிற்பவனைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால், ஒருத்தர் பாக்கி இல்லாமல் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். எலுமிச்சம்பழம் வெட்டி நாலு திசைக்கும் எறிந்துவிட்டு, அன்றைக்கு யாரும் ஏறக்கூடாது. கூலியும் கிடையாது. ஆகவே யாரும் சொல்வதில்லை. பலகை பிளந்திருந்தாலும், கயிறு இற்றிருந்தாலும், பார்த்தவன் பார்த்ததோடு சரி. ஆபத்தைப் பற்றிப் பேசாமலிருந்தால் அதற்கு நம் முகவரி தெரியாது என்பது ஏற்பாடு.

கருத்தக்கண்ணனின் மனைவி உமாதேவி அதே கோஷ்டியில் சித்தாள். விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம், கலவைச் சட்டியைத் தலையிலிருந்து இறக்கி வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னத்தா, சும்மாட்டுக்குள்ள எறும்பா?" என்றாள் உடன் வேலை பார்க்கும் சங்கிலியம்மாள்.

"சத்தம் கேக்கல மதினி."

"எந்தச் சத்தம்?"

"மேல. கரண்டிச் சத்தம். காலையில கேட்டுச்சு. இப்பக் காத்து அம்புட்டு அடிக்குது, சத்தத்தைக் காணோம்."

சங்கிலியம்மாள் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். தேவாரம் பக்கத்து மலையிலிருந்து இறங்கி வந்த காற்று கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது. பொம்மை அதே இடத்தில்தான் இருந்தது. கரண்டி மட்டும் சுவரைத் தொடவில்லை. சுவரில் அது இத்தனை நாள் தேய்த்த பிறைவடிவக் கீறல் தெரிந்தது. கீறலுக்கும் கரண்டிக்கும் நடுவில் ஒரு சாண் வெளிச்சம்.

"கையை எடுத்துட்டாக மதினி" என்றாள் உமாதேவி. "மொக்கைச்சாமி அண்ணன் வேலையை நிப்பாட்டிட்டாக."

"சும்மா கெட. காது இருக்குது மேஸ்திரிக்கு."

அன்று காலையில்தான் முன்பக்க ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தினார்கள். சாரத்தைக் கட்டடத்தோடு இழுத்துப் பிடித்திருந்த கட்டுகள் அந்த ஜன்னல்கள் வழியாகத்தான் உள்ளே போயிருந்தன. கண்ணாடி போட இடைஞ்சல் என்று அவற்றை அறுத்துவிட்டார்கள். விழாவில் மண்டபத்து முகம் பளபளவென்று இருக்க வேண்டுமாம். கட்டு அறுந்ததைக் கொத்தனார்கள் எல்லோரும் பார்த்தார்கள். கருத்தக்கண்ணன் மட்டும் மேஸ்திரியிடம், "கட்டு விட்டுப்போச்சேண்ணே" என்று மெல்லக் கேட்டான். "விழா முடியட்டும்டா மாப்ள, புதுசாவே கட்டிருவோம்" என்றார் ஈஸ்வரபாண்டி.

அதற்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. பூசாத சுவரை மறைக்கிற அளவுக்குப் பெரிசு. 'உயிர் காப்போம், உறுதி ஏற்போம்' என்ற எழுத்துக்கு ஓரமாக ஒரு பட்டை ஒதுக்கிவிட்டு, மீதி இடத்தில் சுயம்புலிங்கம் கைகூப்பி நின்றார். அவர் மூக்கு மட்டும் ஓர் ஆள் உயரம். அதைச் சாரத்தில் இழுத்துக் கட்டிய ஆள், கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான்.

"மொதலாளி, ஆடிக் காத்து. அங்கங்க அரைவட்டமா கிழிச்சு விடணும். இல்லேன்னா காத்துப் போக வழி இருக்காது."

"எங்கன கிழிப்ப?"

"கன்னத்துல ரெண்டு. நெத்தியில ஒண்ணு. அப்புறம் இந்தக் கண்ணுக்கிட்ட..."

"ஏலே, எங் கண்ணைத் தோண்டுறதுக்கா உனக்குக் கூலி? மூடிக்கிட்டு இறங்கு."

அவன் கத்தியை மடக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். சுயம்புலிங்கத்தின் முகம் முழுசாகத் தப்பித்தது.

அன்று சாயங்காலம் உமாதேவி சோளச்சோறும் மொச்சைக்குழம்பும் வைத்திருந்தாள். கருத்தக்கண்ணன் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். என்ன தேய்த்தாலும் போகாத சிமெண்டு அவன் நகக்கண்களில் இருந்தது. வெளியே தகரக் கூரையைக் காற்று தட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, நாளைக்கு மேல ஏறாதிக."

"நாளைக்கு வேலையே இல்லையே. விழாதான். ஹெல்மெட்டுப் போட்டுக்கிட்டு நாங்க நாலு கொத்தனாரும் மூணாந் தட்டுல வரிசையா நிக்கணுமாம். போட்டோ எடுக்காக."

"அதான் ஏறாதிகங்குறேன்."

"ஏன், உனக்கும் போட்டோவுல நிக்கணுமா?"

"வெளையாடாதிக. அது கரண்டி போடல இப்ப. கையை எடுத்துருச்சு."

அவன் உருண்டையைக் குழம்பில் தோய்த்துவிட்டு அவளைப் பார்த்தான். "வைக்கோலுக்குக் கை வலிக்கும்ல. ஓய்வு எடுக்கட்டும்."

"அண்ணன் போறதுக்கு முந்தின நாளு உங்ககிட்ட என்ன சொன்னாக?"

"என்ன சொன்னாக? கருவாடு வாங்கணும்னாக."

"பலகை ஆடுதுன்னாக. நீங்கதான் வந்து சொன்னிக. யாரும் மேஸ்திரிகிட்டக் கேக்கல."

கருத்தக்கண்ணன் மொச்சையை ஒவ்வொன்றாகத் தோல் உரித்துத் தின்றான். பிறகு, "மூணு பேரு ஏறி நிக்கையில நான் மட்டும் கீழ நின்னா என்னன்னு கேப்பாக? பொண்டாட்டி பொம்மையைப் பாத்துப் பயந்துட்டான்னு சொல்லவா? காலம்பூராச் சிரிப்பானுக" என்றான்.

"சிரிச்சாச் சிரிக்கட்டும். நீங்க..." என்று ஆரம்பித்தாள். எச்சில் கையோடு அவன் எழுந்து வந்து இடது கையால் அவள் வாயைப் பொத்தினான்.

"வேணாம் புள்ள. வீட்டுக்குள்ளயும் அந்தப் பேச்சு வேணாம்."

அவன் கை குளிர்ந்திருந்தது. அவனுக்கும் பயம் இருந்தது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

மறுநாள் காலையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, மைக் வைத்து, விழா ஏற்பாடு பலமாக இருந்தது. சுயம்புலிங்கம் சந்தன மாலையோடு வந்தார். "பாதுகாப்பு என்பது ஒரு தவம்" என்று ஆரம்பித்தவர், தவத்திலிருந்து தன் தகப்பனாருக்குப் போய், அங்கிருந்து ஏலக்காய் விலைக்கு வந்து, கைதட்டலோடு உட்கார்ந்தார். கார்த்திக்ராஜ் உறுதிமொழியை வாசித்தான். கோஷ்டி திருப்பிச் சொன்னது.

"உயரத்திலிருந்து விழாமல்..." என்று வாசித்தான் கார்த்திக்ராஜ்.

ஒரு சத்தமும் இல்லை. சாரத்தில் ஆள் இல்லைதான். இருந்தாலும் நாக்குப் பழக்கம். ஈஸ்வரபாண்டி இருமினார்.

"சொல்லுங்கப்பா. உயரத்திலிருந்து விழாமல்..."

"உயரத்திலிருந்து இறங்காமல்" என்றது கோஷ்டி ஒரே குரலில். அதாவது மேலேயே இருந்துவிடுவதாக எல்லோரும் உறுதி ஏற்றார்கள்.

நாலு கொத்தனார்களும் சிமெண்டு ரூமுக்குப் போய் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார்கள். கவரைப் பிரிக்கலாமா என்று கேட்டதற்கு, போட்டோவில் தெரியாது, அப்படியே போட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. பிளாஸ்டிக் கவர் சலசலக்க ஏறினார்கள். கடைசியாகக் கருத்தக்கண்ணன் ஏறினான். ஏறும் முன் உமாதேவி நின்ற பக்கம் பார்க்கவில்லை.

மூன்றாவது தட்டில், ஃப்ளெக்ஸுக்கு மேலே, நாலு மஞ்சள் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. ஐந்தாவதாகப் பொம்மை. கீழேயிருந்து பார்த்தால் வித்தியாசம் சட்டென்று பிடிபடவில்லை.

"கொஞ்சம் சிரிங்க" என்றான் கார்த்திக்ராஜ் போனைத் தூக்கிப் பிடித்து.

அப்போது காற்று வந்தது. மலைக்கணவாயிலிருந்து தென்னந்தோப்புகளைப் படுக்கப்போட்டுக்கொண்டு வந்தது. சுயம்புலிங்கத்தின் கன்னங்கள் உப்பின. நெற்றி உப்பியது. ஃப்ளெக்ஸ் மொத்தமும் நிறைமாத வயிறுபோலப் புடைத்துக்கொண்டு நின்றது. மேலே பொம்மை மெல்லத் திரும்பியது. அதன் மண்சட்டி முகத்தில் வாட்ச்மேன் சுண்ணாம்பால் எழுதிய கண்கள், நாற்காலி வரிசைகளைத் தாண்டி, சித்தாள்கள் நின்ற இடத்துக்கு வந்து நின்றன. கட்டம் போட்ட சட்டையின் கை தூக்கித் தூக்கி அடித்தது. வா என்றும் சொல்லலாம், போ என்றும் சொல்லலாம்.

கருத்தக்கண்ணன் சமாளிக்கச் சுவரில் கை வைக்கப் போனான். கொத்தனாருக்குச் சுவர் எங்கே இருக்கும் என்று பார்க்காமலே தெரியும். நீட்டிய கைக்குச் சுவர் அகப்படவில்லை. அவன் தலையைத் திருப்பித் தன் கையையே பார்த்தான். பொம்மையின் கை எப்படி வெறும் வெளியில் நின்றதோ, அதேபோல நின்றது அதுவும்.

அடிவயிற்றிலிருந்து வந்தது உமாதேவியின் குரல்.

"மாமா, விழுந்துருவிக! எல்லாரும் விழுந்துருவிக! விழுந்துருவிக!"

போட்டோவுக்காக மைக்கைச் சித்தாள்கள் நின்ற பக்கம் நகர்த்தி வைத்திருந்ததால் சொல் கோம்பை ரோடு முழுக்கக் கேட்டது.

மேலே நின்றவர்கள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நின்றிருப்பார்கள். வருஷக்கணக்கான பழக்கம் கால்களில் இருந்தது. ஏணியில் இரண்டு பேர், கம்பைக் கட்டிப்பிடித்துச் சறுக்கிக்கொண்டு இரண்டு பேர் என்று தரைக்கு வந்துவிட்டார்கள். ஹெல்மெட்டுகள் வழியில் உருண்டன.

"போட்டோ இன்னும் எடுக்கல!" என்று கத்தினான் கார்த்திக்ராஜ்.

ஈஸ்வரபாண்டி தலைத்துண்டை உதறிக்கொண்டு உமாதேவியிடம் வந்தார். "என்ன வாயிடி அது? வாயா, இல்ல சுடுகாடா? மேல ஆள் நிக்கும்போது சொல்ற சொல்லா?"

சங்கிலியம்மாள் உமாதேவியின் பக்கத்திலிருந்து இரண்டடி விலகிக்கொண்டாள்.

சுயம்புலிங்கம் மாலையோடு எழுந்துவிட்டார். "யோவ் மேஸ்திரி, கூத்துக் கட்டுறியா? ஏறச் சொல்லுய்யா. எல்லாரையும் ஏறச் சொல்லு!"

"இன்னைக்கு முடியாது மொதலாளி. சொல்லு வந்துருச்சு."

"என்ன சொல்லு? எவ சொல்லு? நான் சொல்றேன், ஏறு!"

"நீங்க சொல்லலாம். கால் ஏறாது. பழம் வெட்டணும்."

"ஒரு சித்தாளு கத்துனதுக்கா?"

ஈஸ்வரபாண்டி பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் சாரம் நகர்ந்தது.

அவசரமே இல்லாமல் நகர்ந்தது. உட்கார்ந்து சலித்தவர் கையை ஊன்றி எழுந்திருப்பதுபோல, கட்டடத்தைவிட்டு ஓரடி முன்னால் வந்து, கொஞ்சம் நின்றது. எல்லோரும் பின்வாங்க அந்த நேரம் போதுமானதாக இருந்தது. பிறகு கம்புகள் ஒவ்வொன்றாக விடுபடும் சத்தம் கேட்டது. கைகூப்பிய சுயம்புலிங்கம் நாற்காலி வரிசைகளின் மேல் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்தார். அசல் சுயம்புலிங்கம் தெருவில் நின்றுகொண்டிருந்தார். மாலை எங்கேயோ போயிருந்தது.

புழுதி அடங்க நேரமாயிற்று. யாருக்கும் அடி இல்லை. யாரும் பேசவும் இல்லை.

அந்த அமைதியில் சத்தம் கேட்டது. சர்... சர்...

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். சாரம் போன வெறும் சுவரில், இரும்புக் கம்பியில் மாட்டிய கொக்கியின் பலத்தில், ஹெல்மெட்டும் பெல்ட்டும் போட்ட மொக்கைச்சாமியின் சட்டை தொங்கியது. சாரத்தில் கட்டிய கயிறு அறுந்து, பொம்மை சுவரோடு சுவராக வந்து சேர்ந்திருந்தது. உடைந்த கரண்டி பழைய கீறலையே தேய்த்துக்கொண்டிருந்தது. கார்த்திக்ராஜ் சொல்லிக்கொடுத்த முறை சரியானதுதான் என்பதில் சந்தேகமே இல்லை.

நடந்ததற்கு ஊரில் இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. பாதுகாப்பு விழா நடத்தியதால்தான் நாலு உயிர் பிழைத்தது என்பது சுயம்புலிங்கத்தின் விளக்கம். இதற்காக வியாபாரிகள் சங்கத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நல்லா நின்ற சாரத்தை வாய் வைத்தே சாய்த்தவள் உமாதேவி என்பது கோஷ்டியின் விளக்கம். அறுத்த கட்டைப் பற்றியோ, கிழிக்காத ஃப்ளெக்ஸைப் பற்றியோ யாரும் பேசவில்லை. இரண்டு விளக்கத்துக்கும் அது தேவைப்படவில்லை.

"நாளையிலருந்து நீ வர வேணாம் ஆத்தா" என்றார் ஈஸ்வரபாண்டி. "கோவிச்சுக்கிறாத. உன்னைப் பாத்தா ஆளுக கால் நடுங்குது." கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க வேறு எந்த மேஸ்திரியும் அவளைச் சேர்க்கவில்லை. உமாதேவி கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போகிறாள். பந்தல் தலைக்கு எட்டுகிற உயரம்தான். அங்கே யாரும் ஏறுவதில்லை.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி அவள் வீட்டுக்கு நடந்து வரும் வழியில் எங்காவது சாரம் இருந்தால், மேலே நிற்பவர்கள் அவளைப் பார்த்ததும் இறங்கிவிடுகிறார்கள். தண்ணீர் குடிப்பதுபோல, பீடி பற்ற வைப்பதுபோல, சும்மா நிற்பதுபோல நிற்கிறார்கள். அவள் முனை திரும்பின பிறகே மறுபடி ஏறுகிறார்கள். உமாதேவியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் அந்த இடங்களைக் கடக்கிறாள். கட்டடங்களிலோ பொம்மைக்குக் கரண்டி கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ராசியானது என்கிறார்கள்.

ஒருநாள் சங்கிலியம்மாள் உமாதேவி வீட்டு வேலிப் பக்கம் வந்து நின்றாள். முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"ஏத்தா, நாளைக்கு லீவு போட முடியுமா?"

"எதுக்கு மதினி?"

"புதுசாக் கட்டுற பேங்க் கட்டடத்துப் பக்கமா ஒரு நடை நடந்து போயேன். மத்தியானத்துக்கு மேல. எம் மருமகன் அங்கன நாலாந் தட்டுல நிக்கான். உம் புருசனும் அங்கனதான நிக்காக."

"என்ன மதினி, எதையும் பாத்திகளா?"

"நான் எதையும் பாக்கல" என்றாள் சங்கிலியம்மாள் அவசரமாக. "நான் எதுவும் சொல்லவும் இல்ல. நீ நடந்து மட்டும் போ."

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் உமாதேவி நடந்து போனாள். காற்று பலமாக இருந்தது. தூரத்திலேயே அவளை அடையாளம் கண்டு, நாலாவது தட்டிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கருத்தக்கண்ணன்தான் கடைசி. மற்றவர்களுக்கு முன்னால் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எதிர்ப்பக்க டீக்கடைக்கு வந்தான். அவளுக்கும் சேர்த்து டீ சொன்னான்.

"என்ன, வேலை இல்லையா?"

"இல்ல."

"சும்மா வந்தியா?" குரலைத் தாழ்த்தினான். "இல்ல, சொல்ல வந்தியா?"

உமாதேவி முந்தானையை வாயிலிருந்து எடுக்கவில்லை. ஆளில்லாத சாரத்தில் பொம்மை கரண்டி போட்டுக்கொண்டிருந்தது. சர்... சர்... டீ வந்தது. அவன் ஊதி ஒரு மடக்குக் குடித்தான். இன்னொரு மடக்கு.

காற்று அப்படியே அடித்துக்கொண்டிருக்க, சத்தம் நின்றது.

கருத்தக்கண்ணன் கிளாஸை வாயருகே வைத்தபடி அவளைப் பார்த்தான்.

"மெதுவாக் குடிங்க மாமா" என்றாள் உமாதேவி. "இன்னொரு டீயும் சொல்லுங்க."